ரோம் போய்விட்டு ஆறு மணிச் சாப்பாட்டுக்கு வர முடியுமா?

உல்லாசக் கப்பல் பயணம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொன்னால், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டு நேரத்தைப் பற்றியே இருக்கின்றன. எனக்கு மகிழ்ச்சிதான். கப்பல் உணவுக்கூடத்தில் தட்டு தூக்குவதில் தொடங்கி ஹெட் வெயிட்டர் வரை வேலை பார்த்தவன் நான். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டேன். ஆசிரியர் பக்கக் கணக்கு சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

கேள்வி: நானும் கணவரும் என் பெற்றோரும் பார்சிலோனாவில் ஏறி, ஏழு இரவுகள் மேற்கு மத்தியதரைக் கடலைச் சுற்றி வரப்போகிறோம். இரவுச் சாப்பாடு மாலை 6 மணிக்கா, 8.30-க்கா, அல்லது விரும்பிய நேரத்தில் வரும் திட்டமா என்று இப்போதே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நாங்கள் சீக்கிரம் சாப்பிட்டுப் பழகியவர்கள். 6 மணியையே எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள், அம்மா. வீட்டில் எத்தனை மணிக்குப் பசிக்கும் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பயணத் திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே கப்பல் புறப்படும் நேரத்தைக் குறியுங்கள். பொதுவாக அதற்கு அரை மணி, சில இடங்களில் ஒரு மணி முன்னதாக எல்லாரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். முழுநாள் சுற்றுலாப் பேருந்துகள் இந்தக் கடைசி நேரத்தை ஒட்டியே திரும்பி வரும். உங்கள் சாப்பாட்டு நேரம் எது என்று பேருந்து ஓட்டுபவருக்குத் தெரியாது.

ரோம் நாளை எடுத்துக்கொள்வோம். கப்பல் ரோமுக்கு வருவதில்லை. அது நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சாலை வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். போக்குவரத்தைப் பொறுத்து ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். காலை 8 மணிக்குப் பேருந்து கிளம்பி, கொலோசியம், வாட்டிகன் என்று பார்த்து முடித்து, மாலை 4 மணிக்குத் திரும்பப் புறப்பட்டாலும் கப்பல் வாசலுக்கு வர 5.30 ஆகிவிடும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருந்துகள் வந்து நிற்கும். அட்டையைக் காட்டி, பையை எக்ஸ்ரேயில் போட்டு, லிஃப்டுக்குக் காத்திருந்து அறைக்குள் நுழையும்போது மணி 6-ஐத் தொட்டிருக்கும். பகல் முழுக்க கல் பாவிய தெருக்களில் நடந்தவர்கள் குளிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார்கள். ஒரு அறைக்கு ஒரே குளியலறை, அதிலும் ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கும்.

இப்போது உணவுக்கூடத்தின் பக்கம் வாருங்கள். முதல் பந்திக்கு 6 மணிக்குக் கதவு திறக்கிறார்கள். கால் மணிக்குள் எல்லா மேசையிலும் ஆர்டர் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் சமையலறை ஒவ்வொரு வகையையும் மொத்தமாகத் தட்டில் ஏற்றி அனுப்பும். முதலில் தொடக்க உணவு, பிறகு சூப் அல்லது சாலட், அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. ஒரு வெயிட்டரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து நான்கைந்து மேசைகளைப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு முக்கிய உணவு வரும்போது நீங்கள் 6.40-க்கு வந்து உட்கார்ந்தால், அந்த வெயிட்டர் உங்களுக்காக மட்டும் சமையலறைக்கும் மேசைக்கும் தனியாக ஓட வேண்டும். முகத்தில் காட்டமாட்டார். ஆனால் 8.30 பந்திக்கு எல்லாத் துணியையும் மாற்றி, கத்தி முள்கரண்டி அடுக்கி முடிக்க அவருக்கு இருக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. பல கப்பல்களில் பந்தி தொடங்கிய சிறிது நேரத்திலேயே கதவைச் சாத்திவிடுவார்கள், வந்தவர்களைப் பஃபேக்கு அனுப்புவார்கள்.

உங்கள் பாதையில் ரோம் மட்டும் இல்லை. லிவோர்னோவில் இறங்கி ஃபுளோரன்ஸ் போனால் ஒரு வழிக்கே சுமார் 90 கிலோமீட்டர். அன்றும் இதே கதைதான். அதே லிவோர்னோவிலிருந்து பீசா மட்டும் போனால் ரொம்பக் கிட்டம், பிற்பகலிலேயே வந்துவிடலாம். நேப்பிள்ஸில் கப்பல் ஊரின் நடுவிலேயே நிற்கும், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பாம்பேய் சுமார் 25 கிலோமீட்டர். அன்று 6 மணிச் சாப்பாடு சிரமமே இல்லை. ஆகவே எத்தனை நாள் தூரமான சுற்றுலா, எத்தனை நாள் பக்கத்தில் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு நாள்தான் தூரம் என்றால் 6 மணியை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு நாள் மட்டும் பஃபேயில் சாப்பிடுங்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால் 8.30 நல்லது. மாலையில் திரும்பியதும் பஃபேயிலோ காபிக் கடையிலோ லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, குளித்து, அரை மணி காலை நீட்டிப் படுத்துவிட்டு வரலாம். பல கப்பல்களில் அரங்க நிகழ்ச்சியை இரண்டு முறை நடத்துவார்கள், அதனால் இரண்டாம் பந்திக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிட முடியும்.

ஒரு விஷயம். பெற்றோர் இருவரையும் ஃபுளோரன்ஸுக்கும் ரோமுக்கும் அடுத்தடுத்த நாளில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தூங்கும் பெரியவர்களை அந்த இரண்டாம் நாள் இரவில்தான் பார்ப்போம்.

கேள்வி: அப்படியானால் விரும்பிய நேரத்தில் வரலாம் என்ற திட்டமே எல்லாருக்கும் நல்லதுதானே? எதற்கு இந்தப் பந்திக் கணக்கு?

பாதி உண்மை. நேரக் கட்டுப்பாடு இல்லாத சாப்பாட்டை நார்வீஜியன் நிறுவனம் 2000-இல் தன் கப்பல்களின் அடையாளமாகவே ஆக்கியது. பிறகு கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ் எல்லாம் பழைய பந்தி முறையோடு இப்படியும் ஒரு வழி வைத்தன. துறைமுகங்கள் நிறைந்த பயணத்துக்கு இதையே நானும் பரிந்துரைப்பேன்.

ஆனால் எல்லாப் பேருந்தும் ஒரே நேரத்தில் வந்தால், எல்லாரும் குளித்து முடிப்பதும் ஒரே நேரத்தில்தான். 6.45-லிருந்து 7.45 வரை உணவுக்கூட வாசலில் வரிசை நிற்கும். 6 மணிக்கோ 8 மணிக்கு மேலோ போனால் நேராக உட்காரலாம். பல நிறுவனங்களின் செயலியில் அன்றைக்கான நேரத்தை முன்பதிவு செய்யவும் முடியும். இரண்டு பேர் என்றால் வேறு யாரோடாவது சேர்ந்து உட்காரத் தயார் என்று சொல்லுங்கள், இடம் சீக்கிரம் கிடைக்கும். ஆறு பேர் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும், பெரிய மேசைகள் குறைவு.

இன்னொன்று, தினமும் வேறு மேசை என்றால் உங்களுக்கு உப்புக் குறைவு, தண்ணீர் ஐஸ் இல்லாமல் என்பதெல்லாம் வெயிட்டருக்குத் தெரியாது. ஒரு வெயிட்டரை உங்களுக்குப் பிடித்துவிட்டால் அவருடைய பகுதியைக் கேட்டு வாங்குங்கள், கிடைத்தால் கொடுப்பார்கள்.

கேள்வி: என் அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். எங்களுக்கு இரண்டாம் பந்திதான் கிடைத்திருக்கிறது. 8.30 ரொம்பத் தாமதம் இல்லையா?

ஆமாம், தாமதம்தான். அதுவும் 8.30-க்கு உட்கார்ந்தால் முதல் தட்டு வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகலாம். எனவே நேரம் மாற்றிக் கேளுங்கள். கப்பல் ஏறிய முதல் நாள் பிற்பகலில் உணவுக்கூட மேலாளர் இதற்காகவே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கே, எப்போது என்று அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும். பெட்டியைத் திறப்பதற்கு முன் அங்கே போய்விடுங்கள். மருத்துவக் காரணம் என்று சொன்னால் காத்திருப்புப் பட்டியலில் உங்களுக்கு முன்னுரிமை தர முயற்சிப்பார்கள். நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலோர மேசை கேட்டுச் சண்டை போடுகிறவர்களுக்கு நடுவே இப்படி ஒரு காரணம் சொல்லி வருகிறவருக்கு இடம் தேடாமல் இருக்க மனம் வராது.

கிடைக்கவில்லை என்றால் அப்பா மாலை 6 மணிக்குப் பஃபேயில் முறையாகச் சாப்பிடட்டும், இரவில் உங்களோடு வந்து சூப் மட்டும் குடிக்கட்டும். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாப்பாட்டை ஒட்டிப் போடும் இன்சுலினை அறையிலேயே போட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பது ஆபத்து. எப்போது போடுவது, நேர மண்டலம் மாறினால் என்ன செய்வது என்பதை அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் இருக்கும் சிறிய குளிர்பெட்டி போதுமான அளவு குளிராமல் போகலாம், மருந்துக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கரைச் சுற்றுலாவுக்குக் கப்பலிலிருந்து பழமும் சாண்ட்விச்சும் எடுத்துப் போக நினைக்காதீர்கள். பல நாடுகளில் அதற்குத் தடை உண்டு, துறைமுக வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

கேள்வி: அலாஸ்கா போகிறோம். ஜூனோவில் கப்பல் பிற்பகல் 1.30 முதல் இரவு 10 மணி வரை நிற்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சாப்பாட்டை மறந்துவிட்டு ஊரைப் பாருங்கள்! ஜூன் கடைசியில் ஜூனோவில் சூரியன் மறையவே இரவு 10 மணி தாண்டும். திமிங்கிலம் பார்க்கும் படகில் போய்விட்டு, அப்படியே மெண்டன்ஹால் பனியாற்றையும் பார்க்க நேரம் இருக்கும். 6 மணிப் பந்திக்காக அதைப் பாதியில் விட்டு ஓடி வருவதைவிட வருத்தமான காரியம் இல்லை. இரண்டாம் பந்திக்கு வந்தால் போதும், அல்லது கரையிலேயே சாப்பிடுங்கள். சாப்பாடும் சேர்ந்த சுற்றுலாக்களும் அங்கே உண்டு.

ஸ்காக்வேயில் மலை ரயில் போய்வர ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான், காலையில் போனால் சாப்பாட்டுக்கு இடைஞ்சலே இல்லை. பனியாறுகள் நிறைந்த கிளேசியர் பே என்ற விரிகுடாவுக்குப் போகும் நாளில் கப்பலை விட்டு இறங்குவதே கிடையாது. நன்றாக உடுத்திக்கொண்டு நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுச் சாப்பிட வரலாமா?

கப்பல் இரவு வெகுநேரம் நிற்காது என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். கோடையில் அங்கே சூரியன் மறைய 8.30 ஆகும். கப்பல் கரையணைவதில்லை, கப்பலிலிருந்து கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் சிறிய டெண்டர் படகில் போய்வர வேண்டும். மேலே ஊரிலிருந்து படகுத்துறைக்கு இறங்க கேபிள் கார், அல்லது ஏறக்குறைய 600 படிகள். கப்பல்கள் நிறைய வந்த நாளில் மாலையில் கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அப்புறம் படகுக்கு ஒரு வரிசை. கடைசிப் படகை நம்பி இருக்காதீர்கள். அஸ்தமனத்தைக் கப்பல் மேல்தளத்திலிருந்து பாருங்கள். கால்டேராவின், அதாவது கடல் நிரம்பிய பழைய எரிமலைப் பள்ளத்தின், நடுவில் நிற்கும் கப்பலிலிருந்து அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

கேள்வி: கைபேசியில் நேரம் தானாகவே மாறிக்கொள்கிறது. சாப்பாட்டுக்கும் கப்பல் புறப்படுவதற்கும் எந்த நேரத்தை நம்புவது?

கப்பல் நேரத்தை. அதை மட்டுமே. இதற்கு ஒரு நல்ல உதாரணம் மெக்சிகோவின் கோசுமெல். அந்தத் தீவு இருக்கும் கின்டானா ரூ மாநிலம் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை, மயாமி தள்ளுகிறது. கோடையில் மயாமியிலிருந்து வந்த கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், உங்கள் கைபேசி 4 என்று காட்டும்போது கப்பலில் மணி 5. அதாவது கடைசி நேரம் 4.30 என்றால் கப்பல் போயே போய்விட்டது. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஏறிய அன்று கப்பல் நேரத்துக்குத் திருப்பி வையுங்கள். கப்பல் நேரத்தை மாற்றினால் முந்தின நாள் மாலையே அறிவிப்பார்கள், தாளிலும் போடுவார்கள்.

கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடும் பொறுப்பை ஏற்கும். வெளியே பதிவு செய்த சுற்றுலாவுக்கு அந்தப் பேச்சே கிடையாது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா போன எட்டுப் பேர் தாமதமாக வந்தார்கள், கப்பல் அவர்களை ஏற்றாமல் கிளம்பியது. காம்பியாவில் பிடிக்கப் பார்த்தார்கள்; நீர்மட்டம் குறைவாக இருந்ததால் கப்பலால் அங்கே கரையணைய முடியவில்லை. செனகலின் டாக்கார் வரை போய்த்தான் சேர முடிந்தது. தனியார் சுற்றுலா மலிவு, கூட்டமும் குறைவு, எனக்கும் பிடிக்கும். கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குத் திரும்பும்படி பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மேசையில் வேறு குடும்பமும் இருக்கும். நாங்கள் சில நாள் வராவிட்டால் தவறாக நினைப்பார்களா?

சொல்லாமல் வராவிட்டால் நினைப்பார்கள். முந்தின இரவே வெயிட்டரிடம் “நாளை ரோம், வரமாட்டோம்” என்று சொல்லிவிடுங்கள். அப்போது உங்களுக்காக யாரும் ஆர்டரை நிறுத்திவைத்துக் காத்திருக்க மாட்டார்கள். சர்க்கரை சேர்க்காதது, பால் சேர்க்காதது என்று தனியாகச் சமைக்கச் சொல்லியிருந்தால் இன்னும் அவசியம். அது முந்தின இரவு எழுதிக்கொடுத்து, மறுநாள் உங்கள் பெயரில் தயாராகும் சாப்பாடு.

கேள்வி: குழந்தைகள் 8.30-க்குள் தூங்கிவிடுகிறார்கள்.

முதல் பந்தி எடுங்கள், தூரச் சுற்றுலாவைக் குறையுங்கள். அது முடியாதென்றால் குழந்தைகளுக்கு முன்னதாகப் பஃபேயில் ஊட்டிவிடுங்கள். டிஸ்னி கப்பல்களில் இரண்டாம் பந்தியில் குழந்தைகளுக்கு முதலில் பரிமாறிவிட்டு, விளையாட்டுக் கூடத்துப் பணியாளர்களே வந்து அழைத்துப்போகும் ஏற்பாடு உண்டு.

கேள்வி: சுற்றுலா முடிந்து அதே அரைக்கால் சட்டையோடு உணவுக்கூடத்துக்குப் போகலாமா?

பஃபேக்குத் தாராளமாக. பெரிய உணவுக்கூடத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். சிலர் சாதாரண இரவுகளில் கண்டுகொள்வதில்லை, சிலர் வாசலிலேயே நிறுத்துவார்கள். நீச்சல் உடையும் கையில்லாத பனியனும் அநேகமாக எங்குமே ஆகாது. கோட்டு சூட்டு இரவுகளைப் பெரும்பாலும் கடலிலேயே இருக்கும் நாட்களில்தான் வைக்கிறார்கள், அதனால் அதற்கும் சுற்றுலாவுக்கும் மோதல் வருவது அபூர்வம். ஒரு முழுக்கால் சட்டையை மட்டும் அலமாரியில் மேலாகத் தொங்கவிட்டு வையுங்கள், ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு ஓடிவிடலாம்.