பேரரசு ஏன் தோத்துது? - கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

வரலாறு வேற மாதிரி நடந்திருந்தா என்னன்னு நீங்க எழுதற கற்பனைத் தொடர்கதையை முதல் அத்தியாயத்துல இருந்து விடாம படிக்கிறேன், மாரத்தஹள்ளில இருந்து ஆபீஸ் போற பஸ்ல தான் படிப்பு எல்லாம். 1806ல பிரிட்டிஷ்காரனால கேப் டவுனை பிடிக்க முடியல, அங்க இருந்த பண்ணை முதலாளிங்க அடிமைமுறையை விடாமயே நூறு வருஷத்துல ஒரு பேரரசு ஆகிட்டாங்க, 1911ல நாகப்பட்டினத்துல வந்து இறங்குறாங்கன்னு நீங்க ஆரம்பிச்சப்ப புல்லரிச்சுது. அந்த படையோட ஒழுங்கு, பீரங்கி, அந்த கர்னல், எல்லாமே செம கெத்து. உண்மையை சொல்லிடறேன், நான் அவங்க பக்கம் தான் இருந்தேன். ஆனா பாதிக்கு மேல சமையக்காரன், மூட்டை தூக்குறவன்னு கதை வேற எங்கயோ போயிடுச்சு, போர் எங்கன்னு தேட வேண்டியிருக்கு. கடைசில அவ்ளோ பெரிய படை ஆள் பத்தாம தோக்குது. அடிமை வச்சிருக்கவன் கெட்டவன், அதனால தோக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கு, லாஜிக் இடிக்குது சார். இன்னொன்னு, 14ஆம் அத்தியாயத்துல 600 குதிரை காரூ பொட்டக்காட்டுல நாலு நாள் போகுதே, தண்ணிக்கு என்ன பண்ணுச்சு?

எஸ்., மாரத்தஹள்ளி

தம்பி,

கர்னல் பக்கம் இருந்தேன்னு ஒளிக்காம எழுதினதுக்கு நன்றி. அந்த வரியை நாலஞ்சு தடவை படிச்சேன். அது உங்க தப்பு இல்ல, முதல் பத்து அத்தியாயமும் நான் அவன் கண்ணு வழியா மட்டும் தான் காட்டினேன், அவனுக்கு காலைல காபி வருது, பூட்ஸ் பளபளன்னு வருது, குதிரை சேணம் கட்டி ரெடியா நிக்குது, யாரு கொண்டு வந்தாங்கன்னு அவனும் பார்க்கல நாமளும் பார்க்கல. யாரு கண்ணு வழியா பார்க்கிறோமோ அவங்க பக்கம் தான் மனசு சாயும். அதை தெரிஞ்சே தான் பண்ணேன், ஆனா பத்து அத்தியாயம் ரொம்ப அதிகம், புஸ்தகமா வர்றப்ப அஞ்சா குறைக்கணும்னு இப்ப தோணுது.

லாஜிக் விஷயத்துக்கு வரேன், இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த பேரரசு கெட்டதுங்கறதால தோக்கல, ஆள் பத்தாம தான் தோத்துது, ஆள் ஏன் பத்தலன்னா பாதி படை சொந்த ஊர்ல தன் அடிமைங்களுக்கு காவல் நிக்குது. இது என் கற்பனை இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்கு மாநிலங்கள் ஆளுக்கு அல்லாடிட்டு இருந்த நேரத்துல, 1862 அக்டோபர்ல அவங்களே ஒரு சட்டம் போட்டாங்க, 20 அடிமையோ அதுக்கு மேலயோ இருக்கற பண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரன் ராணுவத்துக்கு வர வேண்டாம்னு. போர் முனைல ஒவ்வொரு துப்பாக்கியும் தேவைப்படுது, ஆனா வீட்ல ஆள் இல்லாம விட்டா என்ன ஆகும்னு அவ்ளோ பயம். அடிமைங்க கைல துப்பாக்கி கொடுக்கலாமான்னு கடைசி வரைக்கும் அடிச்சுக்கிட்டாங்க, 1865 மார்ச்ல தான் சரின்னு சட்டம் வந்துது, ஏப்ரல்ல தளபதி லீ சரணடைஞ்சாச்சு. அதே போர்ல வடக்கு பக்கம் கிட்டத்தட்ட 1,80,000 கறுப்பின வீரர்கள் சண்டை போட்டாங்க, அதுல பெரும்பாலானவங்க தெற்குல அடிமையா இருந்தவங்க. ஆக தெற்கு, தனக்கு படையா இருந்திருக்க வேண்டியவங்களை எதிரிக்கு கொடுத்துட்டு உக்காந்திருந்துச்சு.

இன்னும் பின்னாடி போனா பழைய கிரேக்கத்துல ஸ்பார்ட்டா. வீரம்னாலே எல்லாரும் அவங்களை தான் சொல்றாங்க, ஆனா கிமு 479ல பிளாட்டியா போருக்கு வந்த 5,000 ஸ்பார்ட்டாக்காரங்களுக்கு ஆளுக்கு ஏழு ஹெலட் அடிமை வீதம் 35,000 பேர் கூட வந்தாங்கன்னு அந்தக்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதறார். அந்த 35,000 பேரை எத்தனை போர்க்கதைல பார்த்திருக்கோம்? அப்புறம் இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடஸ் ஒரு சம்பவம் சொல்றார், போர்ல நல்லா உழைச்ச ஹெலட்டுங்க யாருன்னு அவங்களையே சொல்ல சொல்லி, 2,000 பேரை தேர்ந்தெடுத்து, விடுதலைன்னு சொல்லி தலைல மாலை வச்சு கோயில் கோயிலா சுத்த விட்டுட்டு, கொஞ்ச நாள்ல அத்தனை பேரையும் தீர்த்துக்கட்டிட்டாங்க, யாரு எப்படி செத்தாங்கன்னே ஒருத்தருக்கும் தெரியல. தன்கிட்ட இருக்கற நல்ல வீரனையே தேடிப்பிடிச்சு கொல்ற நாடு அது. அந்த பத்தியை படிச்ச ராத்திரி தான் இந்த நாவலை எழுதணும்னு முடிவு பண்ணேன்.

போர் எங்கன்னு கேக்கறீங்க. 1862 மே மாசம் சார்ல்ஸ்டன் துறைமுகத்துல பிளான்டர்னு ஒரு தெற்கத்தி ராணுவக் கப்பல், அதோட வெள்ளைக்கார அதிகாரிங்க ராத்திரி கரைக்கு போயிட்டாங்க, கப்பலை ஓட்டிட்டு இருந்த அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ், 23 வயசு பையன், கேப்டனோட வைக்கோல் தொப்பியை மாட்டிக்கிட்டு, பொண்டாட்டி பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு, கோட்டையை தாண்டறப்ப சரியான சிக்னலையும் கொடுத்து, நேரா வடக்கு கடற்படைகிட்ட கொண்டு போய் நிறுத்திட்டான். பீரங்கி, ரகசிய சிக்னல் புஸ்தகம், தண்ணிக்குள்ள எங்க கண்ணி வச்சிருக்குன்ற தகவல், எல்லாம் கூடவே போச்சு. அவன் பின்னாடி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரே ஆனான். என் 22ஆம் அத்தியாயத்துல செப்டம்பர்ங்கற அந்த சமையக்காரன் பண்றது இதுல கால்வாசி கூட இல்ல. நீங்க போரை தேடின இடத்துல கர்னல் இருந்தான், போர் அடுப்படில நடந்துட்டு இருந்துது தம்பி.

செப்டம்பர்ங்கற பேரும் நான் வச்சது இல்ல. கேப் டவுன் இருக்கற கேப் பகுதில அடிமைங்களுக்கு ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர்னு மாசப் பேரை வச்சு கூப்பிட்டாங்க, பின்னாடி எந்த ஊர்ல இருந்து வந்தான்னு ஒட்டு. அந்த ஊர்கள்ல வங்காளம் இருக்கு, மலபார் இருக்கு, நம்ம சோழமண்டலக் கரையும் இருக்கு. கேப்பை அப்ப ஆண்டுட்டு இருந்த டச்சுக்காரன் 1658ல நாகப்பட்டினத்தை பிடிச்சான், அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல தஞ்சாவூர் சீமைல பஞ்சம், பசில தன்னையே வித்தவங்களையும் விக்கப்பட்டவங்களையும் ஆயிரக்கணக்குல கப்பல் ஏத்திட்டு போனான். அதனால தான் என் பேரரசு நாகப்பட்டினத்துல வந்து இறங்குது, அது அவங்களுக்கு பழகின துறைமுகம். நீங்க கெத்துன்னு ரசிச்ச அந்த படை உங்களையும் என்னையும் பிடிக்க வந்த படை. இங்கயும் அடிமை இருந்துது, பிரிட்டிஷ்காரன் 1833ல போட்ட ஒழிப்பு சட்டத்துல கம்பெனி ஆண்ட இந்தியாவை விட்டுட்டான், 1843ல தான் இங்க சட்டம் வந்துது, அதுக்கு அப்புறமும் பண்ணையாள் பண்ணையாளா தான் இருந்தான்.

நான் அல்சூர்ல இருக்கேன், தினம் மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படை முகாம் பக்கமா தான் நடக்கறது. 1780ல ஆரம்பிச்ச படை, ராணுவத்துல அவங்களை தம்பின்னு தான் கூப்பிடுவாங்க. ஊருக்குள்ள செருப்பு போட்டு நடக்க விடாத சேரியில இருந்து எவ்வளவோ பேர் அதுல சேர்ந்து பாலம் கட்டினாங்க, ரோடு போட்டாங்க, குண்டு மழைல கோட்டை வாசலை உடைச்சாங்க. என் நாவல்ல கர்னலை தடுத்து நிறுத்தற படை எங்க இருந்து வந்துதுன்னு கேட்டீங்கன்னா அந்த மதில் ஓரம் நடந்து நடந்து வந்தது தான்.

குதிரை விஷயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, வசமா மாட்டிக்கிட்டேன். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர்னு வச்சாலும் 600 குதிரைக்கு 18,000 லிட்டர், நாலு நாளைக்கு 72,000. அவ்ளோ தண்ணியும் மாட்டு வண்டில பீப்பாய் பீப்பாயா வந்திருக்கணும், அதை ரொப்பினவன், ஏத்தினவன், ராத்திரில வாளி வாளியா தூக்கி ஊத்தினவன், ஒருத்தனையும் நான் எழுதல. கர்னல் பார்க்காததை நானும் பார்க்காம விட்டிருக்கேன். 14ஐ மறுபடி எழுத உக்காந்திருக்கேன், இந்த வெள்ளிக்கிழமை புது அத்தியாயம் வராது.