வேலை முடிந்ததும் மாலைப் பலகாரம்

போன மாதம் 'பணியாரம்' என்ற சொல்லைக் கொடுத்து, அதைப் பூடகமாகச் சுட்டும் குறுக்கெழுத்துக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

'குழியில் விழுந்தாலும் உப்பி எழுந்து வரும்' என்று எழுதினேன். வீட்டில் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஏன் பரிசு இல்லை?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பிரமாதம்தான் ஆச்சி, ஆனால் அது விடுகதை. விடுகதைக்கு ஒரு வழி போதும், குறுக்கெழுத்துக் குறிப்புக்கு இரண்டு வேண்டும். ஒரு முனையில் விடையின் பொருள் நேராக இருக்க வேண்டும், மீதிச் சொற்களில் விடையின் எழுத்துகளைக் கட்டும் வழி இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வேறெதையோ பேசுகிற ஒரு சாதாரண வாக்கியம் மாதிரி தெரிய வேண்டும். பரிசு வாங்கியதைப் பாருங்கள்: 'வேலை முடிந்ததும் மாலைப் பலகாரம் (5)'. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. படித்தவுடன் ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலம் எதையாவது கொறிக்கிற காட்சிதான் வருகிறது. ஆனால் வேலை என்றால் பணி, அது முடிந்ததும் மாலை, அதாவது கழுத்தில் போடும் ஆரம். பணி, ஆரம், பணியாரம். கடைசியில் இருக்கும் 'பலகாரம்' நேர்ப்பொருள். ஒரு சொல்கூட வீணாக நிற்கவில்லை. அப்புறம் இன்னொன்று, நம்ம ஊர் வெள்ளைப் பணியாரம் குழியில் விழுவதே இல்லையே, எண்ணெயில்தானே ஊற்றுகிறீர்கள்?

பணி + ஆரம் சரி. நடுவில் அந்த 'ய்' எங்கிருந்து வந்தது? குறிப்பில் அதற்கு ஒரு சொல்லும் இல்லையே, இது ஏமாற்று இல்லையா?
– வாசகர், தேவகோட்டை

நியாயமான சண்டை. என் கட்சி இதுதான்: இலக்கணம் தானாகக் கொண்டுவரும் எழுத்துக்குத் தனிக் குறிப்பு வேண்டாம். 'பணி' இகரத்தில் முடிகிறது, அடுத்து உயிர் வந்தால் ய் உடம்படுமெய்யாக வந்தே தீரும். 'சுவரில் பூசியதைப் பருகு என்னும் ஊர் (5)' என்றால் காரை, குடி. இடையில் வரும் க் அப்படித்தான். ஆனால் சந்தியில் வராத எழுத்தை நீங்களாகச் செருகினால் அது திருட்டு. ஆரம்ப காலத்தில் நானும் அப்படி ஒன்றைச் செருகி, ஓர் இதழ் ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

'ரசத்தைக் கலக்கித் தலையில் சூடு (3)'. விடை 'சரம்'. எப்படி?
– வாசகர், கானாடுகாத்தான்

'சூடு' என்று வெப்பத்தைக் காட்டிப் பூவைச் சூடச் சொன்னது அழகு. ஆனால் இரண்டு ஓட்டை. ரசம் என்றால் ர, ச, ம். ரசத்தை என்றதும் 'ம்' போய்விட்டது, அதை எப்படிக் கலக்கினாலும் சரம் வராது. ஆங்கிலத்தில் சொல்லோடு வேற்றுமை உருபு இப்படி ஒட்டாது, அங்கே எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இரண்டாவது, 'சூடு' ஏவல் வினை, சரமோ பெயர்ச்சொல். 'ரசம் கலங்கியதும் தலைக்கு ஏறியது (3)' என்று மாற்றிப் பார்த்தேன். 'ஏறியது' படிக்கும்போது வினைமுற்று, விடை தேடும்போது ஏறிய பொருள், அதாவது பெயர். இந்த வசதியைத் தமிழ் சும்மா கொடுக்கிறது, நாம்தான் வாங்கிக்கொள்வதில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் இல்லாததும் அப்படியே. ஆங்கிலத்தில் ஆள் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதி ஒளித்தால் கண்டிப்பானவர்கள் ஒப்ப மாட்டார்கள், நமக்கு மணியும் அன்னமும் ஆளாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் காளமேகம் அன்றே செய்ததுதானே? வெள்ளைக்காரனிடம் என்ன கற்க இருக்கிறது?
– வாசகர், பள்ளத்தூர்

பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டைப் பொருத்திய காளமேகத்துக்கு ஈடு யார்? ஆனால் சிலேடையில் இரண்டு பொருளும் மேடையேறி நிற்கும், குறிப்பில் ஒன்று திரைக்குப் பின்னால் இருக்கும். எது நியாயம், எது அழுகுணி ஆட்டம் என்று எழுதி வைத்தது அவர்கள்தான். லண்டன் 'அப்சர்வர்' இதழில் 1926 முதல் 'டார்க்கிமாடா' என்ற பெயரில் ஒருவர் புதிர் போட்டார். 1939-இல் அவருக்குப் பின் வந்த மக்நட், 'சிமெனிஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார். இரண்டும் ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தியவர்களின் பெயர்கள், அப்படிச் சித்திரவதை செய்கிறார்களாம். விதிகளை விளக்கி மக்நட் 1966-இல் புத்தகமே போட்டார். ஒரு சொல்லைக் கொடுத்து வாசகர்களிடம் குறிப்பு கேட்கும் போட்டியும் அவர் நடத்தியதுதான், நாங்கள் காப்பியடித்திருக்கிறோம்.

எனக்கு இந்த வெட்டி ஒட்டும் வேலை வரவில்லை. சுலபமான வழி?
– கல்லூரி மாணவி, புதுவயல்

ஒளித்து வையுங்கள். 'செட்டிநாட்டு வீட்டு முற்றம் எவ்வளவு அடக்கும்? (3)'. சதுர அடிக் கணக்கு போடாமல் 'எவ்வளவு' என்ற சொல்லுக்குள்ளேயே பாருங்கள், வளவு இருக்கிறது.

இந்த மாதச் சொல்: கொட்டான் (4), நம்ம பனையோலைக் கூடைதான். 'கொட்ட மாட்டான்' என்ற பொருளை வைத்து எழுதத் தோன்றும், அதை நானே சொல்லிவிட்டேன், அதனால் அது மட்டும் வேண்டாம்.