நார்த்தை துளிரும் பூக்காத பம்ளிமாஸும்

கேள்வி: எங்கள் நார்த்தை மரத்துக்கு இரண்டு வயது. துளிர் விட்டதும் பறவை எச்சம் போன்ற புழுக்கள் வந்து மொட்டையடித்துவிடுகின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தே வேண்டாம் அம்மா. நார்த்தையைக் காய்க்காக மட்டுமா வளர்க்கிறோம்? அந்தத் துளிரை நரம்பு கிள்ளி எடுத்து, கொஞ்சம் எலுமிச்சை இலை, ஓமம், மிளகாய் வற்றல், புளி, உப்பு, பெருங்காயத்தோடு இடித்தால்தான் வேப்பிலைக்கட்டி. பெயரில்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நார்த்தை இலை. தயிர் சாதத்தோடு தின்னும் இலையில் விஷத்தைத் தெளிக்க எனக்கு மனம் வராது.

நீங்கள் பார்ப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட பூச்சி மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால், இளந்துளிரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போயிருக்கும். குட்டிப் புழு எச்சம் மாதிரி இருக்கும். வளர்ந்தபின் பச்சையாகி, இலையோடு இலையாக மறைந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும், ஒரு நெடியும் வரும். பயப்பட வேண்டாம், கடிக்காது.

மழைக்குப் பின் துளிர்க்கும் நாட்களில் காலையில் ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பாருங்கள். முட்டையாக இருக்கும்போதே விரலால் வழித்துவிடலாம். புழுவாகிவிட்டால் நான் கொல்வதில்லை. கொல்லையில் இருக்கும் பெரிய கறிவேப்பிலை மரத்தில் கொண்டுபோய் விடுவேன். நார்த்தை, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம், எதைக் கொடுத்தாலும் தின்னும். பெரிய மரத்துக்குப் பத்து இலை போவது பெரிதல்ல. இரண்டு வயதுச் செடிக்குத்தான் அது பெரிய நஷ்டம். இன்னும் இரண்டு வருஷம் கையால் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் அப்புறம் மரமே சமாளித்துக்கொள்ளும்.

கேள்வி: ஏழு வருஷத்துக்கு முன் பம்ளிமாஸ் தின்றுவிட்டு விதையைப் போட்டேன். மதில் தாண்டிப் போகாமல் வருஷாவருஷம் உச்சியை வெட்டுகிறேன். முள்தான் நிறைய, பூவே இல்லை. மலட்டு மரமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மலடு இல்லை. காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். விதையில் வந்த மரத்துக்குக் குழந்தைப் பருவம் நீளம். முள் அதிகமாக இருப்பது அந்தப் பருவத்தின் அடையாளம். உயரம் போய் நுனிக்கிளைகள் முதிர்ந்தால்தான் முதல் பூ வரும். அந்த நுனியைத்தான் வருஷாவருஷம் வெட்டுகிறீர்கள். நானும் ஒரு மரத்துக்கு இப்படிச் செய்து நான்கு வருஷத்தை வீணாக்கினேன். கத்தரிப்பதை நிறுத்திய பிறகு, கைக்கெட்டாத உயரத்தில்தான் முதல் கொத்து வந்தது. வாசனை தெருவரை போயிற்று. அந்த மரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமும் சந்தோஷமும் சேர்ந்தே வரும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எலுமிச்சை விதை ஒன்றை முளைக்கவிட்டால் இரண்டு மூன்று கன்றுகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு. பம்ளிமாஸ் விதையில் ஒரே முளைதான், அது தாயும் தந்தையும் கலந்த புதுப் பிள்ளை. நீங்கள் தின்ற பழத்தின் ருசி அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. அந்த ருசிதான் வேண்டுமென்றால், நல்ல காய் காய்க்கும் மரத்திலிருந்து மொட்டு (பூமொட்டு அல்ல, கிளை விடும் கண்) எடுத்து, உங்கள் மரத்தின் பென்சில் தடிமன் கிளைகள் இரண்டு மூன்றில் கட்டச் சொல்லுங்கள். காய்க்கிற மரத்து மொட்டு என்பதால் அது சீக்கிரம் பூக்கும். உச்சியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒட்டுச் சாத்துக்குடி என்று வாங்கிய மரத்தில் இந்த வருஷம் கரடுமுரடான தோலோடு புளிப்புக் காய்கள். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: அவசரப்பட்டு யாரையும் திட்ட வேண்டாம். சாத்துக்குடியைப் பெரும்பாலும் ஜம்பேரி எலுமிச்சைக் கன்றின் மேல்தான் ஒட்டுகிறார்கள். நீங்கள் சொல்லும் காய் ஜம்பேரியின் காய் போலவே இருக்கிறது. அடிமரத்தில் ஒட்டுப்போட்ட தழும்பைத் தேடுங்கள். அதற்குக் கீழிருந்து கிளம்பிய கிளையில் இந்தக் காய் இருந்தால், அந்தக் கிளையைப் பிறந்த இடத்தோடு அறுத்துவிடுங்கள். மேலே சாத்துக்குடிக் கிளை ஒன்றாவது உயிரோடு இருந்தால் போதும், இரண்டு பருவத்தில் தேறிவிடும். மேலே எதுவுமே இல்லையென்றால் வெட்ட வேண்டாம், அதிலேயே மறுபடி மொட்டு கட்டலாம். தழும்பு மண்ணுக்குள் புதைந்திருந்தால் இன்றே மண்ணை விலக்கிவிடுங்கள்.