இங்கிலாந்தின் பாரிஷ் கவுன்சில் என்பது சர்ச்சா, பஞ்சாயத்தா? அதன் பழைய பதிவேடுகளில் சாதாரண ஆளுக்கு என்ன இருக்கிறது?

ஒரே வரியில் சொன்னால், ஒரு காலத்தில் சர்ச், இப்போது பஞ்சாயத்து. இரண்டும் பிரிந்தது 1894-இல். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தப் பதிவேடுகளைப் பார்க்க நீங்கள் ஆராய்ச்சியாளராக இருக்கவே வேண்டாம். நான் கணினி வேலை பார்க்கிறவன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு கிராமத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்கள் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகத்துக்குப் போய், பழைய பாரிஷ் தாள்களுக்கு அட்டவணை போட உதவுகிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

பாரிஷ் என்பது முதலில் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லை. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்கிறார்களே, அதுதான். 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தை வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி பாதிரியாரிடம், மற்றதன் சாவி ஊர் சார்பில் இருக்கும் வார்டன்களிடம். தனி ஆளாக யாரும் அதைத் திறந்துவிட முடியாது.

அப்புறம் அரசாங்கம் தன் வேலைகளை ஒவ்வொன்றாக இந்தப் பாரிஷின் தலையில் ஏற்றியது. 1555 சட்டம் சாலைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஊர்க்காரர்கள் வருடத்தில் நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலைக்கு வர வேண்டும். சில வருடத்தில் அது ஆறு நாளானது. 1566 சட்டம் பயிரை அழிக்கும் பிராணிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தது. முள்ளெலி மாட்டு மடியில் பால் குடித்துவிடுகிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். அதனால் அதன் தலைக்கும் 2 பென்ஸ். வார்டன் கணக்குகளைப் புரட்டினால் முள்ளெலி முள்ளெலியாக வரும். 1601 சட்டம் எல்லாவற்றிலும் பெரிய பாரத்தை வைத்தது: அந்தந்த ஊர் ஏழைகளை அந்தந்தப் பாரிஷே வரி போட்டுக் காப்பாற்ற வேண்டும். அந்த வரியை வசூலித்துப் பங்கிட்டுக் கொடுக்க ஓவர்சியர் என்று ஊருக்குள்ளேயே ஆட்களை நியமித்தார்கள். சம்பளம் கிடையாது. வருட முடிவில் கணக்குக் காட்ட வேண்டும். இதையெல்லாம் பேசி முடிவெடுக்கும் கூட்டம், பாதிரியார் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் நடந்ததால் கூட்டத்துக்கும் வெஸ்ட்ரி என்றே பெயர் வந்தது.

(இந்த ஏற்பாடு கப்பல் ஏறி நம் பக்கமும் வந்தது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்கும் ஒரு வெஸ்ட்ரி இருந்தது. 1715-இல் தொடங்கிய தர்மப் பள்ளியை நடத்தியவர்கள் அவர்கள்தான். 1680-இல் தேவாலயம் திறந்த சில நாளில் நடந்த, பின்னாளில் மெட்ராஸ் ஆளுநரான எலிஹு யேலின் திருமணம் அதன் பதிவேட்டில் முதல் பதிவு. மெட்ராஸ் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.)

சரி, இந்தத் தாள்களில் எதைப் பார்த்து நான் உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்கிறேன்.

ஏழைக்குச் சோறு போடுவது ஊரின் பொறுப்பு என்றால், எந்த ஊரின் பொறுப்பு? இந்தக் கேள்விக்காகத்தான் 1662-இல் 'செட்டில்மென்ட்' சட்டம் வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் சொந்தப் பாரிஷ் ஒன்று உண்டு. வேறு ஊருக்குப் பிழைக்கப் போய், வருடம் 10 பவுனுக்குக் குறைந்த வாடகையில் குடியிருந்தால், வந்த 40 நாளுக்குள் புகார் செய்து அவரைத் திருப்பி அனுப்பலாம். பின்னாளில் இன்னொரு வழி பிறந்தது. கல்யாணமாகாதவர் ஒரே இடத்தில் ஒரு முழு வருடம் வேலைக்கு இருந்தால் அந்த ஊரே அவருக்குச் சொந்தப் பாரிஷ் ஆகிவிடும். உடனே பண்ணைக்காரர்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

யாராவது உதவி கேட்டு வந்தால் நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், அப்பா யார், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை நாள், என்ன கூலி. சொன்னதை எழுத்தர் எழுதிக்கொள்வார். நான் முதன்முதலில் கையில் எடுத்தது 1780-களைச் சேர்ந்த அப்படி ஒரு தாள். ஒரு பண்ணையாள் சொல்கிறார்: தனக்கு ஏறக்குறைய முப்பது வயது. இன்ன ஊரில் பிறந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறார். இளவயதில் ஒருவரிடம் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மாஸ் பண்டிகையிலிருந்து அடுத்த மைக்கேல்மாஸ் வரை வேலைக்கு ஒத்துக்கொண்டார். வருடம் முடியச் சில நாள் இருக்கும்போது அவரை அனுப்பிவிட்டார்கள். அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. முதல் கோட்டின் தொடக்கத்தில் மை திட்டாக நிற்கிறது. இரண்டாவது கோடு முடியும் இடத்தில் பேனா தாளைக் கீறியிருக்கிறது. பேனா பிடித்துப் பழகாத கை. அந்த மனிதர் வாழ்நாளில் தாளில் வைத்த ஒரே குறி அதுவாகவும் இருக்கலாம். நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் வாழ்க்கை, அவர் சொன்ன வரிசையிலேயே, இருநூறு வருடம் தாண்டியும் இருக்கிறது. ஊர்ப் பணம் செலவாகிறது, யார் தலையில் கட்டுவது என்ற கவலையில் எழுதியதுதான். ஆனால் அதில் மனிதர்கள் முழுசாக வந்துவிட்டார்கள். பெருமக்களின் கடிதங்களை அவர்கள் குடும்பமே பாதுகாத்துக்கொள்ளும். இவர்களுக்குப் பாரிஷ் பெட்டியை விட்டால் வேறு கதி இல்லை.

கொடுமைகளும் இதே தாள்களில்தான் இருக்கின்றன. முறைப்படி மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறந்த பாரிஷுக்கே சொந்தம் என்பது விதி. அதனால் நிறைமாதப் பெண்களைப் பிரசவத்துக்கு முன் எல்லை தாண்டி அனுப்பக் காசு கொடுத்த வரிகள் பல ஊர்க் கணக்குகளிலும் வரும். 1697 சட்டப்படி உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில் துணிப்பட்டை தைத்துக்கொள்ள வேண்டும். அதில் 'பாப்பர்' (பரம ஏழை) என்பதன் முதலெழுத்தும் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் இருக்கும். அந்தத் துணி வாங்கிய செலவைக்கூடக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

1834-க்குப் பிறகு ஏழைகள் விஷயம் பல ஊர்களைச் சேர்த்த யூனியன்களின் கைக்குப் போனது. வெஸ்ட்ரி தேய்ந்தது. ஏற்கனவே அது எளியவர்களின் சபையாகவும் இல்லை: 1818 சட்டப்படி சொத்துள்ளவருக்கு ஆறு ஓட்டு வரை உண்டு.

இதை மாற்றியதுதான் 1894 சட்டம். பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு கொண்டுவந்தது. அமைச்சர் ஹென்றி ஃபவுலர் நாடாளுமன்றத்தில் நின்று நிறைவேற்றினார். 300 பேரோ அதற்கு மேலோ உள்ள கிராமப்புறப் பாரிஷ் ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுத்த கவுன்சில் வந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டு. பெண்கள் ஓட்டுப் போடலாம், போட்டியிடலாம், மணமானவர்களும்கூட. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுக் கிடைக்க இன்னும் 24 வருடம் இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சட்டத்தின் சின்னச் சின்ன விதிகள். ஊர்க்கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது. பகலில் கூட்டினால் வயலில் நிற்கிறவன் எப்படி வருவான்? பள்ளிக்கூட அறையை வாடகையில்லாமல் கொடுக்க வேண்டும். வேறு நல்ல இடம் இருக்கும்போது மதுக்கடையில் கூட்டம் போடக் கூடாது. எழுதியவர்களுக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது.

1894 டிசம்பரில் முதல் தேர்தல். ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். யாராவது கேட்டால் வாக்குப்பெட்டி. பல ஊர்களின் முதல் மினிட் புத்தகத்தில் (கூட்டத்தில் நடந்ததை எழுதும் குறிப்பேடு) தோட்ட நிலம் கேட்கும் தொழிலாளிகள், கிணறு சுத்தம், தெருவிளக்கு, நடைபாதை என்று வரிசையாக வரும். கையில் பணம் குறைவு. வீடு, நிலத்தின் வரி மதிப்பில் ஒரு பவுனுக்கு 3 பென்ஸுக்கு மேல் வரி போட ஊர்க்கூட்டத்தின் சம்மதம் வேண்டும். உச்ச வரம்பு 6 பென்ஸ்.

தேடிப் போகிறவர்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. அந்தச் சட்டம் பழைய பெட்டியையும் பிரித்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளும் சர்ச் சம்பந்தப்பட்டவையும் சர்ச்சிடமே இருக்கும். மற்ற பொதுப் புத்தகங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று கவுன்சில் சொல்லலாம். ஆகவே ஒரே ஊரின் தாள்கள் காப்பகத்தில் இரண்டு வெவ்வேறு தொகுப்புகளாகக் கிடக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதான்" என்று திரும்பிவிடாதீர்கள். 1894-க்கு முந்திய ஓவர்சியர் கணக்கு சர்ச் தொகுப்பிலும் இருக்கலாம், கவுன்சில் தொகுப்பிலும் இருக்கலாம். இரண்டையும் கேளுங்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தட்டினால் எது எந்தக் காப்பகத்தில் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்னொன்று: 1752-க்கு முன் இங்கே புது வருடம் மார்ச் 25-இல் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1721. நானே இதில் ஒரு முறை ஒரு குடும்பத்தையே குழப்பியிருக்கிறேன்.

போனால் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், பேனா உள்ளே விட மாட்டார்கள். கையுறை வேண்டாம், கழுவி உலர்ந்த கை போதும். புத்தகத்தைப் பஞ்சுத் தாங்கியில் சாய்த்து, பக்கம் மூடாமலிருக்க நீளமான எடைச்சரம் ஒன்றை மேலே வைப்பார்கள்.

இன்றைக்கும் இங்கிலாந்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பாரிஷ் கவுன்சில்கள் இருக்கின்றன. 2021-இல் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் ஜூம் கூட்டச் சண்டை உலகமெல்லாம் பரவியபோதுதான் பலர் பாரிஷ் கவுன்சில் என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள். அதை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள்.

தேவாலயத்துக்குப் பின்னாலிருந்து ஆற்றுக்குப் போகும் ஒரு நடைபாதை. நிலம் கைமாறியது, ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கம்பி வேலி. 1949 சட்டப்படி நாடு முழுக்கப் பொதுப் பாதைகளுக்கு அதிகாரபூர்வ வரைபடம் போட்டபோது, பாரிஷ் கவுன்சில்காரர்கள்தான் பல ஊர்களில் நடந்து பார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பாதை அதில் விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனதால் உரிமை போய்விடாது. பழைய சான்றைக் காட்டி வரைபடத்தில் சேர்க்கச் சொல்லலாம். பக்கத்து வீட்டு அம்மா, எண்பது தாண்டியவர், "அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அதில்தான் துணி துவைக்கப் போவேன்" என்றார். நான் காப்பகத்துக்குப் போய் எங்கள் கவுன்சிலின் முதல் மினிட் புத்தகத்தைக் கேட்டேன்.

இரண்டு சனிக்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம், 1897-ஆம் வருடப் பக்கத்தில், வாய்க்காலைத் தாண்டும் பலகைப் பாலம் உளுத்துவிட்டது, ஊர்ச் செலவில் மாற்றுவது என்று ஒரு தீர்மானம். பாதையின் பெயர், இரண்டு பக்கத்து வயல்களின் பெயர், தச்சருக்குக் கொடுத்த கூலி, தலைவரின் கையெழுத்து. 1894 சட்டம் கவுன்சிலுக்குப் பழுதுபார்க்கும் அதிகாரம் கொடுத்தது பொது நடைபாதைகளுக்கு மட்டும்தான். ஆகவே ஊர்ப் பணத்தைச் செலவழித்தது, அது பொதுப் பாதை என்று அவர்கள் நினைத்ததற்குச் சான்று. அது ஒன்றே தீர்ப்பாகிவிடாது. தசமபாகத்துக்காக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுப்பது) 1836-க்குப் பிறகு போட்ட நில வரைபடத்தையும், அந்த அம்மாவைப் போல நடந்தவர்களின் வாக்குமூலங்களையும் சேர்த்துத்தான் விண்ணப்பித்தோம்.

படித்துக் காட்டியபோது அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தச்சர் பெயர் என்ன என்று. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி.

விண்ணப்பம் இன்னும் கவுன்டி கவுன்சிலில் நிற்கிறது. இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும். போன மாதம் எங்கள் பாரிஷ் கூட்டத்தில் அது ஏழாவது பொருளாக வந்தது. எழுத்தர் குறித்துக்கொண்டார், தலைவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.