ஐந்து ஓட்டையும் ஒரே இடத்தில்: ரைஃபிள் சுடுதல் கேள்வி பதில்

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலை, விட்டு வந்த குண்டு கொஞ்ச தூரம் மேலே ஏறி, அப்புறம்தான் இறங்கும் என்கிறார்களே?

தானாக ஏறாது, தம்பி. வெளியே வந்த நொடியிலேயே விழத் தொடங்கிவிடும். பாயின்ட் 22 குண்டு (0.22 அங்குல அளவுள்ள சிறு குண்டு) விநாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடப்பதற்குள் பேரலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். 100 மீட்டரில் அரை மீட்டருக்கும் மேல். அதை ஈடுகட்டத்தான் பின் சைட்டை, அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள குறிபார்க்கும் கருவியை, உயர்த்துகிறோம். நம் பார்வை நேராக இருக்கும், பேரல் இம்மியளவு அண்ணாந்திருக்கும். ஏறுகிற மாதிரி தெரிவது அதனால்தான்.

பாளையங்கோட்டை என்.சி.சி. மாணவி: என் ஐந்து குண்டும் இடது மூலையில் ஒன்றாக விழுந்தன. பக்கத்தில் சுட்டவன் ஒன்றை நடுவில் போட்டான், மற்ற நாலும் தாளெங்கும் சிதறின. கைதட்டு அவனுக்குத்தான் அண்ணாச்சி.

நன்றாகச் சுட்டது நீதான் தாயி. அந்தத் தாளைப் பத்திரமாக வை. ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசு மூடுகிறதா பார். மூடினால் உன் பிடி, மூச்சு, ட்ரிகர் எல்லாம் ஐந்து தடவையும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது. ஓட்டைகளின் இந்தக் கூட்டத்துக்குக் குரூப் என்று பேர். அதை அளக்க, மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு தூரத்தை எடு. குரூப் நடுவை விட்டுத் தள்ளி விழுந்தது சைட்டின் வேலை, இரண்டு நிமிடத்தில் சரியாகும். சிதறல் ஆளின் வேலை, அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம்: ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் திருத்தலாமா?

கூடாது. ஆரம்பத்தில் நான் அப்படித்தான் செய்தேன். ஒன்று வலப்பக்கம் போனால் இடப்பக்கம் திருகுவேன், அடுத்தது இடம் போனால் மறுபடி வலம். ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்தும் ஜீரோ ஆகவில்லை, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட் அமையவில்லை. ஐந்து சுட்டு, குரூப்பின் நடுவைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் கிளிக் வையுங்கள் (சைட் திருகை ஒவ்வொரு படியாகத் திருப்புவதுதான் கிளிக்). குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டும் அந்தப் பக்கம்தான் நகர வேண்டும். ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டால் முதலில் மூச்சைக் கவனியுங்கள். பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு விநாடிக்குள் சுட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தென்காசி: ஆனி, ஆடிக் காற்றில் பயிற்சி செய்யலாமா?

தாராளமாக. கணவாய் வழியாக வரும் காற்று நமக்கு இலவச வாத்தியார். 50 மீட்டரில் பத்தாம் வளையத்தின் (இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின்) விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். மிதமான பக்கக்காற்றே இரண்டு மூன்று வளையம் தள்ளிவிடும். சுடும் ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) கொடித்துணி கட்டி, அது ஒரே மாதிரி ஆடும்போது மட்டும் சுடுங்கள்.

சங்கரன்கோவில்: ஏர் ரைஃபிளில், 10 மீட்டருக்கு இந்த இறக்கக் கணக்கெல்லாம் தேவையா?

வேண்டாம். ஒன்றரை சென்டிமீட்டர் போல இறங்கும், சைட் அதைப் பார்த்துக்கொள்ளும். அங்கே பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. 2008 ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். இங்கே கவனிக்க வேண்டியது நிற்கும் விதம். குறிபார்த்து நின்றபடியே கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். சைட் இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் இழுக்காமல் காலை நகர்த்தி நில்லுங்கள்.