கிளினிக் மெசேஜ்: கேட்டதும் சொன்னதும்

நான் இலங்கையின் வன்னியில் கிளினிக்குகளில் வேலை செய்யும் தாதி. ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்கு வரும் மெசேஜ்கள் பற்றி எங்கள் ஊர் வாசிகசாலையில் பலர் கேட்டார்கள். கேட்டவையும் நான் சொன்னவையும் இவை.

மல்லாவி அக்கா: அம்மாவுக்குச் சீனி வருத்தம். 'வெறுவயிற்றில் வரவும்' என்று மெசேஜ் வந்தது. தண்ணீரும் குடிக்கக் கூடாதா?

தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தேத்தண்ணீர்தான் கூடாது, சீனி போடாவிட்டாலும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணித்தியாலம் கடந்தால் காணும். ஒரு ஐயா முதல்நாள் மத்தியானத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து எங்கள் வாங்கிலேயே சரிந்துவிட்டார். அதன்பிறகுதான் 'தண்ணீர் குடிக்கலாம்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தோம். காலைக் குளிசை, ஊசியை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சாப்பிடாமல் போட்டால் சீனி இறங்கி மயக்கம் வரலாம்.

பூநகரி மாஸ்டர்: மெசேஜ் ஏன் தந்தி மாதிரி வருகிறது?

ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்துக் கொள்ளும். தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'கிளினிக்' உங்கள் கண்ணுக்கு நாலெழுத்து, போனுக்கு எட்டு. 70ஐத் தாண்டினால் இரண்டு மெசேஜ் காசு.

ஒட்டுசுட்டான் தம்பி: வயலில் பாம்பு கடித்தால் போட்டோ எடுத்து டொக்டரின் வட்சப்புக்கு அனுப்பலாமா?

முதலில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். டொக்டரின் பதில் வரும்வரை வரம்பில் குந்தியிருக்க வேண்டாம். தூர நின்று எடுத்த படம் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், உதவும். படத்துக்காகப் பாம்பைத் துரத்திப்போய் இன்னொரு கடி வாங்காதீர்கள். படம் இல்லாவிட்டாலும் வைத்தியம் நிற்காது. உடம்பில் தெரியும் குறிகளைப் பார்ப்போம், இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்போம்.

ஊர் சொல்ல விரும்பாத ஒருவர்: வீட்டில் ஒரே போன்தான். என் வருத்தம் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது.

'என்ன கிளினிக் என்று எழுத வேண்டாம்' என்று தாதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் காவல் எழுதியிருக்கிறது.

நோயின் பெயரை எழுதாமலும் காரியம் நடக்கும். கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்குக் கிழமைக்கு ஒருதரம் சுவாகிலியில் 'மம்போ?' என்று மட்டும் அனுப்பினார்கள். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்பது மாதிரி. சுகமென்றால் 'சாவா', பிரச்சினையென்றால் 'ஷிடா' என்று பதில். யார் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. 2010இல் வெளியான முடிவின்படி, மெசேஜ் கிடைத்தவர்களில் 62 வீதமானோர் மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தார்கள். கிடைக்காதவர்களில் 50 வீதம். நமக்கு 'சுகமோ?' போதுமே!

கண்டாவளை அண்ணை: இரவு 11 மணிக்கு ரிப்போர்ட்டைப் படமெடுத்து டொக்டருக்கு அனுப்பினேன். பதிலே இல்லை.

அவரும் நித்திரை கொள்ள வேண்டுமே அண்ணை. நெஞ்சுநோ, மூச்சுமுட்டு என்றால் மெசேஜே வேண்டாம், 1990. மற்றதெல்லாம் விடிந்தபிறகு.

நெடுங்கேணி தங்கச்சி: சிம் மாற்றிவிட்டேன். என்ன செய்ய?

கிளினிக் கொப்பியில் பழைய நம்பரை வெட்டிப் புதியதை எழுதி, பதிவு மேசையிலும் சொல்லுங்கள். இப்படித்தான் ஒரு கர்ப்பிணியின் பழைய நம்பருக்கு நான் அனுப்பிய மெசேஜுக்கு, 'மிஸி, நான் லொறி ஓடுறன். எனக்கேன் கர்ப்பிணி கிளினிக்?' என்று பதில் வந்தது. கிளினிக்கின் பெயரை எழுதுவதை அன்றைக்கு விட்டவள்தான் நான்.