இறக்கும் நேரம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இப்போது ஓசூரில் வேலை. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் ஆறு மாதமாக நான்தான் சமைக்கிறேன்.

என் அம்மாவிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டது ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. புளி எலுமிச்சம்பழ அளவு, குழம்புத்தூள் மூன்று கரண்டி, நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி என்று எல்லாம் இருக்கிறது. தூள், புளி, வற்றல் எல்லாமே ஊரிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் வத்தக்குழம்பு ஒரு நாள் கசக்கிறது, மறுநாள் பச்சைப் புளி வாடை அடிக்கிறது. மோர்க்குழம்பு திரிந்துவிடுகிறது. இட்லி மாவு பொங்குவதே இல்லை. அம்மாவிடம் கேட்டால் "பதம் பாத்து இறக்குடா" என்கிறார். அந்தப் பதம் என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சாம்பார் பிடிக்காது. தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்துவிட்டு இப்படிச் சொன்னால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நாக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டுமா? உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நீங்கள் எழுதியதே இல்லையே?

அன்புடன்,
ச., ஓசூர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நோட்டில் இருக்கிற அளவெல்லாம் அடுப்பில் ஏற்றுகிறவரைக்கும்தான் உதவும். அதற்குப் பிறகு இறக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துச் சமையலில் பாதி ருசி அங்கேதான். அதை அவருக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. நாற்பது வருடமாகக் கண்ணும் மூக்கும் காதும் சேர்ந்து பார்க்கிற வேலையைப் போனில் எப்படிச் சொல்வார்? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்திலேயே இருந்தார், அதனால் கொஞ்சம் எழுத முடிகிறது.

எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரை. என் மாமியாருக்குக் கடைசி ஏழெட்டு வருடம் பார்வை மங்கிவிட்டது. அடுப்படிக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும். "இன்னும் சளசளன்னுதான் கொதிக்குது, இரு" என்பார். நான் கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். புளித்தண்ணீர் நீர்க்க இருக்கும்போது சத்தம் வேகமாக, சின்னச் சின்னதாக வரும். தூள் வெந்து, தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் தணியும். கடைசியில் 'பொத்... பொத்' என்று ஒவ்வொரு குமிழாக, இடைவெளி விட்டு உடையும். சேற்று வயலில் கால் எடுத்து வைக்கிற சத்தம் மாதிரி இருக்கும். அப்போது சட்டியின் ஓரத்தைப் பார்த்தால் எண்ணெய் சிவப்பாகக் கோடு கட்டியிருக்கும். "ம், இப்ப இறக்கு" என்பார். ஒரு தடவைகூட அவர் சொன்னது தப்பியதில்லை.

உங்கள் வத்தக்குழம்பில் அடிக்கிற பச்சைப் புளி வாடைக்கு இதுதான் மருந்து. சின்னத் தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் விடுங்கள், கடிகாரத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கேளுங்கள். சீக்கிரம் கெட்டியாகட்டும் என்று அரிசி மாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. குழம்பு கெட்டியாகும், ஆனால் வெந்திருக்காது.

கசப்புக்குக் காரணம் வேறு. வற்றல், வெந்தயம், தூள் மூன்றில் ஏதோ ஒன்று கருகியிருக்கிறது. மணத்தக்காளி வற்றலைக் காய்ந்த நல்லெண்ணெயில் போட்டதும் சுருங்கிக் கிடந்தது உப்பி மேலே வரும். அந்த நொடியே அரித்துத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். குழம்பை இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் சேர்த்தால் போதும். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது. கறுத்துவிட்டால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள். வெல்லம் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். தூளை எண்ணெயில் நேரடியாகப் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். புளித்தண்ணீரில் தூளையும் உப்பையும் முன்கூட்டியே கரைத்துக் குழம்பு கூட்டி வைத்துக்கொண்டு, தாளித்ததும் அப்படியே ஊற்றுங்கள்.

இங்கே ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அம்மா எதில் குழம்பு வைக்கிறார்? மண்சட்டியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் மெல்லிசான அலுமினியத்திலோ நான்ஸ்டிக்கிலோ வைக்கிறீர்கள் என்றால், அவர் சொல்கிற நேரம் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. மண்சட்டியும் கல்சட்டியும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கொதியையும் கணக்கில் வைத்துத்தான் அம்மா கொஞ்சம் முன்னாலேயே இறக்குகிறார். உங்கள் பாத்திரம் அடுப்பை அணைத்ததும் அடங்கிவிடும். அவருக்கு வெந்து முடிகிற குழம்பு உங்களுக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு மண்சட்டி வாங்கிக்கொண்டு போங்கள். கஞ்சித் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் பழக்கிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

புளியிலும் ஒரு விஷயம் உண்டு. மாசி, பங்குனியில் வருகிற புதுப்புளி வெளுப்பாக இருக்கும், ஒரு வருடம் போனால் கறுத்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு ஜாடி. பழம்புளி குழம்புக்கு, புதுப்புளி ரசத்துக்கு. எலுமிச்சம்பழ அளவு என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்தப் புளி என்பதையும் அம்மாவிடம் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

குழம்புக்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ, ரசத்துக்கும் மோர்க்குழம்புக்கும் அவ்வளவு அவசரம் வேண்டும். ரசத்தில் புளியின் பச்சை வாடை போகிறவரை கொதிக்கவிடுங்கள். பருப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகு கொதிக்கவே கூடாது. நுரை கட்டி விளிம்புக்கு ஏறும், உடனே இறக்கிக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்பும் ஒரு கரண்டி அரிசியும் ஊறவைத்துத் தேங்காய், பச்சைமிளகாய், சீரகத்தோடு அரைக்கிறோம் அல்லவா, தயிர் திரியாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பருப்பும் அரிசியும்தான். அதைக் குறைக்காதீர்கள். தயிரை அடுப்பிலிருந்து எடுக்கிறவரை கிளறிக்கொண்டே இருங்கள், ஓரத்தில் முதல் நுரை தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். மூடி போட வேண்டாம், உள்ளே அடைபட்ட சூட்டிலேயே திரிந்துவிடும். கல்யாணமான புதிதில் நான் இறக்கியும் திரிந்ததற்குக் காரணம் இந்த மூடிதான். கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆயிற்று.

இட்லி மாவு பொங்காததற்கு உங்கள் கை காரணமில்லை. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற குளிர்ந்த ஊர். நம் ஊரில் சித்திரை வைகாசியில் ஆறு மணி நேரத்தில் மாவு பொங்கி வழியும். அங்கே மார்கழி இரவில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாது. பதினாறு மணி நேரம்கூட விடுங்கள், தப்பில்லை. உப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து, ஒரு போர்வையைச் சுற்றி, அடுப்பு எரிந்து ஓய்ந்த மேடையில் வையுங்கள். தண்ணீரும் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு நம் ஊரில் வேகிற நேரத்தில் வேகவில்லை என்று தோன்றியிருந்தால் காரணம் இதுதான். பருப்பு நன்றாக மசிகிறவரை புளியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், புளிப்பு பட்டால் அதற்குப் பிறகு பருப்பு வேகாது.

அரிசியும் உளுந்தும் ஊரிலிருந்தே வருகிறதா? இட்லிக்கு ஆடுதுறை 37 மாதிரிக் குண்டு ரகமாகப் பாருங்கள், சாப்பாட்டுப் பொன்னியில் இட்லி சப்பையாகத்தான் வரும். உளுந்துக்கு நம் வயல் உளுந்துக்கு ஈடு கிடையாது என்பது என் நம்பிக்கை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். தனியாக உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து காய்க்கும். அந்தப் புது உளுந்தை அரைக்கும்போது கிரைண்டரில் அது எழும்புகிற எழும்பைப் பார்க்க வேண்டும். வெண்ணெய் மாதிரி மேலே மேலே வரும். நாள்பட்ட உளுந்து அப்படி உபரி காணாது.

சரி, சாம்பாருக்கு வருவோம். நாக்கைப் பழக்க வேண்டாம், தம்பி. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில், அதாவது 1676-க்கும் 1855-க்கும் இடையில், அரண்மனை அடுப்படியில் சாம்பார் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பது கதை இல்லை. நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் அவற்றையெல்லாம் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்திருப்பார்கள். கும்பகோணத்துக்காரர்கள் இட்லிக்கு ஊற்றிக்கொள்கிற கடப்பாவைப் பாருங்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு, கடைசியில் எலுமிச்சைச் சாறு. சாம்பார் இல்லாமலேயே ஒரு ஊர் இட்லி சாப்பிடுகிறது. ஒரு வாரம் புளிக்குழம்பு, பொரிச்ச கூட்டு, ரசமும் பருப்புத் துவையலும் என்று மாற்றி மாற்றி வைத்தாலே நாள் ஓடிவிடும். ஆனால் உங்களுக்குச் சாம்பாரில் எது பிடிக்கவில்லை என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பெருங்காயமா, பருப்பின் கனமா? பருப்பு என்றால் அரைத்துவிட்ட குழம்பு உங்களுக்குப் பிடிக்கலாம்.

எனக்குப் பரங்கிக்காய் பிடிக்காது. பொங்கலுக்கு எல்லாக் காயும் போட்டு வைக்கிற குழம்பில் மொச்சையையும் கிழங்கையும் எடுத்துக்கொண்டு பரங்கியை இலை ஓரத்தில் ஒதுக்குவேன். குழம்பில் இனிப்பு வந்தால் என் நாக்கு ஏற்பதில்லை. இத்தனை வயதுக்கு மேல் அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்கும், அதனால் சமைப்பேன், நன்றாகவே வரும்.

பிடித்தது என்றால் யோசிக்காமல் சொல்வேன்: பழைய சோறும் சுண்டக்குழம்பும். முந்தின நாள் குழம்பு, மீன் குழம்பாக இருந்தால் இன்னும் விசேஷம், அதே சட்டியில் காலையில் சின்னத் தீயில் சுண்டி, ஓரமெல்லாம் பிடித்துக் கறுத்துக் கிடக்கும். பழைய சோற்றுக்குப் புழுங்கல் அரிசியை வடித்த சோறுதான் வேண்டும், குக்கர் சோறு கூழாகிவிடும். இரவு சோறு நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

அப்புறம் வடகம். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து பானையில் வைப்போம். பகலில் பாயில் காயும். சாயங்காலம் மறுபடி அதன் சாற்றிலேயே போட்டுப் பிசறி வைப்போம். நான்கைந்து நாளில் சாறு முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டதும் உருண்டை பிடித்து, மொறமொறவென்று காய்ந்த பிறகு விளக்கெண்ணெய் தடவி ஜாடியில் அடைத்துவிடுவோம். வருடம் ஆக ஆக மணம் கூடும். குழம்போ கீரையோ இறக்கி வைத்த பிறகு, ஒரு துண்டு வடகத்தை உதிர்த்து நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டினால், தெருமுனையில் வருகிறவருக்கு யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துவிடும். இதிலும் பதம் உண்டு. வெங்காயச் சருகு சிவந்து, வெடிக்கிற சத்தம் ஓய்வதற்குள் கொட்டிவிட வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பு வைக்கும்போது போனில் யாரிடமும் பேசாமல், சட்டிக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். மூன்று பேருக்கு வேண்டியதைவிட ஒரு கரண்டி கூடவே வையுங்கள். திங்கட்கிழமை காலையில் சுண்ட வைக்க வேண்டும்.

அன்புடன்